பள்ளியில் அளக்கப்பெறுவது அறிவா, பிறப்பா?

ஒவ்வோராண்டும் கோடையில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவருகின்றன. வெளிவந்த மறுநாளே, மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் படங்களைத் தனியார் பள்ளிகள் தம் மதிற்சுவர்களிலும் தெருமுனைகளிலும் தொங்கவிடுகின்றன. தோற்ற பிள்ளைகளுக்குப் படமும் இல்லை; பெயரும் இல்லை. அவர்கள் செங்கற் சூளைக்கும், பின்னலாடை ஆலைக்கும், கட்டட வேலைக்கும் ஓசையின்றிப் போய்விடுகின்றனர். “படித்தவன் உயர்ந்தான், படியாதவன் தாழ்ந்தான், இதில் எவரைக் குறைகூறுவது?” என்று ஊரும் உலகும் அமைதி கொள்கின்றன. அந்த அமைதி முறையானதுதானா என்பதே இன்று எழுப்பப்பெற வேண்டிய வினாவாகும்.

அறிவாற்றல் என்பது எல்லா வீட்டுக் கூரைமேலும் ஒப்பப் பெய்யும் மழை போன்றதாயின், தேர்ச்சியின் உச்சியில் நிற்போர் ஆண்டுதோறும் அதே தெருக்களிலிருந்தே வருவானேன்? தேர்ச்சியின் அடியில் கிடப்போர் ஆண்டுதோறும் அதே சேரிகளிலிருந்தும் அதே குப்பங்களிலிருந்துமே வருவானேன்? இதற்கு இரண்டே விடைகள் உண்டு. சில குடிகளிற் பிறந்தோர்க்கு இயல்பிலேயே அறிவு மிகுதி என்பது ஒன்று. அளக்கின்ற கோல் கோணியிருக்கின்றது என்பது மற்றொன்று. முதல் விடையோ, பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்த பழைய வருணக் கோட்பாட்டின் புது வடிவமேயன்றி வேறன்று. அதனைத் தமிழ் மக்கள் என்றோ புறந்தள்ளிவிட்டனர். எனவே எஞ்சுவது இரண்டாம் விடையே. கோல் எங்கே கோணியது, எவ்வாறு கோணியது என்று ஆராய்வதையே குமுகவியலறிஞர் பலர் கடந்த அறுபது ஆண்டுகளாகத் தம் பணியாகக் கொண்டுள்ளனர். அவர்தம் முடிவுகள் தமிழ்நாட்டுப் பெற்றோரும் ஆசிரியரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை.

கல்வி பிறப்பை வெல்லும் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. புறநானூற்றின் 183ஆம் பாட்டில், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய வேந்தன், கற்றவன் தாழ்ந்த குடியிற் பிறந்தவனாயினும் உயர்ந்தோன் எனப் பட்டவனும் அவன்பால் வந்து சேர வேண்டியிருக்கும் என்று கூறியுள்ளான். ஆனால், அதே பாட்டின் தொடக்கம் பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஆசிரியனுக்கு இடுக்கண் வந்தவிடத்து உதவியும், மிக்க பொருளைக் கொடுத்தும் கற்றல் வேண்டும் என்றே அவ்வேந்தன் தொடங்குகின்றான். கல்வி பிறப்பை வெல்லும் என்று துணிந்த அந்த அரசனுங்கூட, கல்வியைப் பெறப் பொருள் வேண்டும் என்பதை மறைக்கவில்லை. பொருளில்லாதவன் பிள்ளைக்கு என்ன வழி என்பது அன்று விடுபட்ட வினா. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் முழு விடை பெறாத வினா.

அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம், அந்நாட்டுப் பள்ளிகளில் இனத்தாலும் நிறத்தாலும் விளைந்துள்ள வாய்ப்பு வேறுபாடுகளை ஆராய்ந்து கூறுமாறு பணித்தது. அப்பணியை ஏற்ற குழுவின் தலைவர் சேம்சு கோல்மன் என்னும் குமுகவியலறிஞர். ஏறத்தாழ 4000 பள்ளிகளில் 6 இலக்கத்துக்கும் மேற்பட்ட மாணவரை ஆய்ந்து, 1966இல் அவர் அறிக்கை வெளியிட்டார். கறுப்பின மக்களின் பள்ளிகளில் கட்டடமும் நூலகமும் செய்முறைக் கூடமும் குறைந்திருப்பதே அப்பிள்ளைகள் பின்தங்குவதற்குக் கரணியமாயிருக்கும் என்றே எல்லாரும் எதிர்பார்த்திருந்தனர். அறிக்கையோ வேறொன்று கூறிற்று. ஒரு பிள்ளையின் தேர்ச்சியை மிகுதியும் உறுதிசெய்வது பள்ளிக் கட்டடமன்று. அப்பிள்ளையின் குடும்ப நிலையும், உடன்பயிலும் பிள்ளைகளின் குடும்ப நிலையுமே என்பது அதன் முடிவு.

இம்முடிவைப் பலர் தமக்கேற்ப வளைத்துக்கொண்டனர். “எல்லாம் வீட்டிலேயே முடிவாகிவிடுகின்றது, எளியோர் பள்ளிக்குப் பணம் செலவிடுவது வீண்” என்று கூறிக் கைகழுவ அது சிலருக்கு உதவிற்று. ஆனால், அறிக்கை கூறியது அதுவன்று. நல்லாசிரியரால் விளையும் பயன் வசதியுள்ள பிள்ளைகளுக்கு விளைவதைவிட வசதியற்ற பிள்ளைகளுக்கே மிகுதியாக விளைகின்றது என்பதையும் அதே அறிக்கை காட்டியுள்ளது. வீட்டில் எல்லாம் உள்ள பிள்ளைக்குப் பள்ளி பல வழிகளுள் ஒரு வழி. வீட்டில் ஒன்றுமில்லாத பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே வழி. எனவே, கோல்மன் ஆய்விலிருந்து பெறத்தக்க படிப்பினை பள்ளி வேண்டா என்பதன்று. எளியோர் கூடும் பள்ளிக்கே மிகச் சிறந்த ஆசிரியர் வேண்டும், எளியோரும் வளியோரும் ஒரே பள்ளியிற் கூட வேண்டும் என்பதே.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் பிள்ளை எதனைக் கொண்டுவருகின்றது என்பதைத் தெளிவாகக் காட்டியவர் பிரான்சு நாட்டறிஞர் பியர் பூர்தியே ஆவார். அவர் 1930இல் அந்நாட்டின் தென்மேற்கிலுள்ள பெயார்ன் பகுதியிற் பிறந்தவர். சிற்றூர் அஞ்சலகப் பணியாளர் ஒருவரின் மகன். தலைநகர்ப் பிரெஞ்சு மொழியன்றிப் பெயார்னிய மொழி வழங்கிய ஊரில் வளர்ந்தவர். ஆகலின், சிற்றூர்ப் பிள்ளை பெரும்பள்ளியிற் படும் பாடு அவருக்குக் கேள்வியறிவன்று; பட்டறிவு. அவரும் பாசுரோன் என்பவரும் 1964இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குக் காட்டினர். அன்றைய பிரான்சில், வேளாண் கூலியாளின் மகனைவிட உயரலுவலரின் மகனுக்குப் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பு 80 மடங்கு மிகுதி. ஆலைத் தொழிலாளியின் மகனைவிட 40 மடங்கு மிகுதி. சட்டப்படி கதவு எல்லார்க்கும் திறந்தே இருந்தது. கல்விக் கட்டணமும் பெரிதன்று. இருந்தும் 80 மடங்கு!

இதன் கரணியத்தைப் பூர்தியே ‘பண்பாட்டு முதல்’ என்னும் கருத்தால் விளக்கினார். வணிகத்துக்குப் பணம் முதலாவதுபோல், கல்விக்கும் ஒரு முதல் உண்டு. வீட்டிலுள்ள நூல்கள், பெற்றோர் பேசும் நடை, விருந்தினரோடு நடைபெறும் உரையாடல், எந்தப் படிப்பின்பின் எந்த வேலை உண்டு என்னும் அறிவு, அலுவலகத்தில் எவரைக் காண்பது என்னும் பழக்கம் ஆகிய இவையெல்லாம் அம்முதலில் அடங்கும். இவற்றைப் பள்ளி கற்பிப்பதில்லை. ஆயினும் தேர்விலும் நேர்காணலிலும் இவற்றையே எதிர்பார்க்கின்றது. கற்பிக்காத ஒன்றைக் கேட்டு, அது உள்ளவனைத் திறமையாளன் என்றும் இல்லாதவனை மந்தன் என்றும் முத்திரை குத்துகின்றது. தந்தையிடமிருந்து நிலம் பெற்றவனை மக்கள் ‘பெற்றவன்’ என்கின்றனர். தந்தையிடமிருந்து இந்த முதலைப் பெற்றவனையோ ‘தகுதியுடையவன்’ என்கின்றனர். வழிவழி வந்த உடைமையைத் தானே ஈட்டிய தகுதியாக மாற்றிக்காட்டுவதுதான் பள்ளியின் மறைபணி என்பதை, 1970இல் வந்த மற்றொரு நூலில் அவர் விரித்துரைத்தார்.

‘தகுதியாட்சி’ என்று பெருமையாகப் பேசப்பெறும் கருத்தின் பிறப்பையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அச்சொல்லை உலகறியச் செய்தவர் மைக்கேல் யங் என்னும் ஆங்கிலக் குமுகவியலறிஞர். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் இங்கிலாந்தில் பதினோராம் அகவையில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரித்தனர். தேறியோர் பல்கலைக்கழகம் நோக்கிச் செல்லும் பள்ளிக்கும், பெரும்பாலோரான தேறாதோர் உடலுழைப்பை நோக்கிச் செல்லும் பள்ளிக்கும் அனுப்பப்பெற்றனர். பதினோரகவைச் சிறுவன் வாழ்வு ஒரு முற்பகலில் முடிவாயிற்று. இதனைக் கண்ட யங், 1958இல் ஓர் எள்ளல் நூல் எழுதினார். தகுதியின் பெயரால் ஆள்வோர், தாம் பெற்றதெல்லாம் தமக்கு உரியதே என்று செருக்குவர். தாழ்ந்தோர் தம் தாழ்வுக்குத் தாமே பொறுப்பு என்று நாணிக் குறுகுவர் என்று எச்சரிப்பதே அந்நூலின் நோக்கம். எச்சரிக்கையாகக் கூறியதை உலகம் கொள்கையாக எடுத்துக்கொண்டது!

இதுகாறும் கூறியவை நாடளாவிய கணக்குகள். ஒரே ஒரு வகுப்பறைக்குள் இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ரே ரிசுட் என்னும் ஆய்வாளர் 1970இல் எழுதிக் காட்டினார். அமெரிக்காவின் செயிண்ட்டு லூயிசு நகரில், கறுப்பினப் பிள்ளைகள் பயிலும் பள்ளியின் மழலையர் வகுப்பில் அமர்ந்து அவர் நாள்தோறும் கண்டு குறித்தார். அவ்வகுப்பின் ஆசிரியையும் கறுப்பினத்தவரே. பள்ளி தொடங்கிய எட்டாம் நாளில் ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிலையாக அமர்த்தினார். அதற்குமுன் கற்றல் திறனறியும் தேர்வு ஒன்றும் நடைபெறவில்லை. தூய உடை, திருந்திய பேச்சு, ஓரளவு வருவாயுள்ள குடும்பம் உடைய பிள்ளைகள் முதல் மேசையில். கந்தல் உடையும் அரசின் உதவித்தொகையும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பின் மேசைகளில். ஆசிரியையின் முகமும் கரும்பலகையும் முதல் மேசைக்கே எட்டின. அடுத்த ஆண்டு முதல் வகுப்பிற்குச் சென்றபோது, பின் மேசைகளில் இருந்தோருள் ஒருவரும் முதல் மேசைக்கு வரவில்லை. இரண்டாம் வகுப்பில் மூன்று குழுக்களுக்கும் பெயரிடப்பெற்றது. மேற்குழுவிற்குப் ‘புலிகள்’ என்று பெயர்; கீழ்க்குழுவிற்குக் ‘கோமாளிகள்’ என்று பெயர். எட்டு நாளிற் செய்த கணிப்பு, மூன்றாம் ஆண்டில் அப்பிள்ளையின் இயல்பாகவே ஆகிவிட்டது.

அந்த ஆசிரியை கொடியவர் அல்லர்; பிள்ளைகளின் இனத்தைச் சேர்ந்தவரே. ஆயினும் தூய உடையை அறிவென்று எண்ணினார். தமிழ்நாட்டு வகுப்பறையின் முதல் விசிப்பலகையில் இருப்போர் எவர், கடைசி விசிப்பலகையில் இருப்போர் எவர் என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் நாளைக் காலையிலேயே எண்ணிப் பார்த்தல் நன்று. கடைசி வரிசையில் இருப்பவன் படியாமையால் அங்கே இருக்கின்றானா, அங்கே இருத்தப்பெற்றமையாற் படியாதிருக்கின்றானா என்பது மெய்யாகவே ஆராயத்தக்கது.

தமிழ்நாட்டின் நிலைக்கு வருவோர், முதற்கண் இந்நாடு பெற்ற வெற்றியை மறத்தலாகாது. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்கக் கல்வித் திட்டமொன்று கொண்டுவரப்பெற்றது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி; எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் தந்தையின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். சலவைத் தொழிலாளியின் மகன் வெளுக்கவும், குயவன் மகன் மண் பிசையவும், கற்றவன் மகன் கற்கவும் வழிசெய்த அத்திட்டத்தை மக்கள் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பெற்றது. பூர்தியே பத்தாண்டு கழித்துப் பிரான்சிற் கணக்கிட்டுக் காட்டவிருந்த உண்மையை, எழுத்தறியாத தமிழ்ப் பெற்றோர் தம் பட்டறிவால் முன்னரே உணர்ந்திருந்தனர்.

உணவின்றி அறிவில்லை என்பதையும் இந்நாடு முன்னரே உணர்ந்தது. சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920இலேயே நயன்மைக் கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர் காலத்தில் நண்பகல் உணவு தொடங்கிற்று. காமராசர் 1956இல் அதனை மாநிலமெங்கும் பரப்பத் தொடங்கினார். ம.கோ. இராமச்சந்திரன் 1982இல் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் தொடக்கப் பள்ளிகளிற் காலையுணவும் சேர்ந்தது. வீட்டின் வறுமை வகுப்பறைக்குள் நுழையாதபடி வாயிலில் தடுத்து நிறுத்திய அரண்களுள் இதற்கு ஒப்பானது வேறில்லை.

ஆனால், பசியைத் தடுத்த அரசால் பிரிவினையைத் தடுக்க இயலவில்லை. இந்திய நடுவணரசு அமைத்த கோத்தாரிக் குழு, கோல்மன் அறிக்கை வந்த அதே 1966இல், ஒவ்வொரு பகுதியிலுமுள்ள எல்லாப் பிள்ளைகளும் தத்தம் அண்மைப் பள்ளியில் ஒருங்கே பயிலும் பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டளவில் நின்றது. நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் மாநில வாரியப் பள்ளி, மெட்ரிகுலேசன் பள்ளி, ஆங்கிலோ இந்தியப் பள்ளி, கீழைமொழிப் பள்ளி எனப் பள்ளிக் கல்வி நான்கு கூறாக நின்றது. 1970களின் இறுதியில் பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலிருந்து அரசின் பொறுப்புக்கு வந்த மெட்ரிகுலேசன் பள்ளிகள், அதன்பின் ஆயிரக்கணக்காகப் பெருகின. ஒரே தெருவில் பிறந்த பிள்ளைகள், தந்தையர் பணப்பையின் கனத்துக்கேற்ப வேறுவேறு பொத்தகம் படித்து வேறுவேறு தேர்வு எழுதினர்.

இதனை ஒழிக்க முத்துக்குமரன் தலைமையில் 2006இல் குழு அமைக்கப்பெற்றது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே 1ஆம் வகுப்பிலும் 6ஆம் வகுப்பிலும் பொதுப்பாடம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும், எஞ்சிய வகுப்புகளுக்கு அதனை விரிப்பதை நிறுத்திவைக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பெற்றது. வழக்கு உயர் வழக்குமன்றத்திலும் உச்ச வழக்குமன்றத்திலும் நடந்தது. பள்ளி திறந்தும் பிள்ளைகள் இரு திங்களளவு பொத்தகமின்றி இருந்தனர். 2011 ஆகத்து 9ஆம் நாள் உச்ச வழக்குமன்றம், பத்து நாளுக்குள் பொதுப்பாடத்தை நடைமுறைப்படுத்துமாறு தீர்ப்பளித்தது. எளியோர் பிள்ளையும் செல்வர் பிள்ளையும் ஒரே பொத்தகத்தைப் படிப்பதற்கே நாட்டின் உச்ச மன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், ஏற்றத்தாழ்வைக் காக்க நிற்கும் ஆற்றல்கள் எத்துணை வலியன என்பது விளங்கும்.

சுவர் இடிந்தது, ஆனால் மறுபுறத்தில் மீண்டும் எழுந்தது. பொதுப்பாடம் வந்ததும், செல்வர் பலர் நடுவண் வாரியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்குத் தம் பிள்ளைகளை மாற்றினர். தனியார் பள்ளிகள் பலவும் அவ்வாரியத்துக்கு மாறின. எளியவர் வந்து சேர்ந்த தெருவை விட்டு வலியவர் வேறு தெருவுக்குக் குடிபோவது போன்றது இது. பூர்தியே கண்டு கூறிய இயல்பும் இதுவே: பட்டம் பலருக்கும் கிட்டத் தொடங்கியதும், அப்பட்டத்தின் மதிப்பைக் குறைத்து, எட்டாத இடத்தில் வேறொரு படி கட்டப்பெறும்.

அத்தகைய படியே ‘நீட்’ என்னும் நுழைவுத்தேர்வு. தமிழ்நாடு, அனந்தகிருட்டிணன் குழுவின் ஆய்வின்பேரில், தொழிற்கல்விக்கான தன் நுழைவுத்தேர்வை 2007இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் நீக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரிக்கு வழியாயிற்று. பத்தாண்டு கழித்து, 2017இல் நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அதன் விளைவை ஆராய அமைக்கப்பெற்ற நடுவர் ஏ.கே. இராசன் குழு 2021இல் அறிக்கை தந்தது. மருத்துவக் கல்லூரிகளில் முன்னர் நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்த தமிழ்வழி மாணவரின் பங்கு, நீட் வந்தபின் நூற்றுக்கு நான்கிற்கும் கீழே வீழ்ந்தமையை அது காட்டிற்று. ஈராண்டு மூவாண்டு வீட்டிலிருந்தே பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டக் கூடியவனும், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கூலிக்குப் போக வேண்டியவனும் ஒரே நாளில் ஒரே தாளை எழுதுகின்றனர். இதற்குப் பெயர் ஒத்த வாய்ப்பாம்! அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்த பின்னரே, அதற்கு முந்தைய ஆண்டில் விரல்விட்டு எண்ணத்தக்கோராயிருந்த அவர்கள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் மருத்துவம் பயிலப் புகுந்தனர். ஓராண்டுக்குள் அப்பிள்ளைகளின் மூளையா வளர்ந்துவிட்டது? வாயில் திறந்தது, அவ்வளவே.

இனி, இவ்வேற்றத்தாழ்வுகளுக்கெல்லாம் ஆணிவேரான பயிற்றுமொழிச் சிக்கலைக் காண வேண்டும். வீட்டில் ஆங்கிலம் வழங்கும் பிள்ளைக்கு ஆங்கிலவழிப் பள்ளி வீட்டின் தொடர்ச்சி. உழவன் பிள்ளைக்கோ அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோன்றது. பாடப்பொருளைப் புரிந்துகொள்ளும் உழைப்போடு, மொழியைப் புரிந்துகொள்ளும் உழைப்பும் அதன் தலையில் ஏற்றப்பெறுகின்றது. புரியாததை மனப்பாடம் செய்கின்றது. மறந்தால் மந்தன் எனப்படுகின்றது. தொடக்கக் கல்வியைத் தமிழ்வழியாகவோ தாய்மொழிவழியாகவோ தர வேண்டும் என்று தமிழ்நாட்டரசு 1999இற் போட்ட ஆணையை உயர் வழக்குமன்றம் 2000இல் நீக்கிற்று. கருநாடக அரசு போட்ட அத்தகைய ஆணையும் 2014இல் உச்ச வழக்குமன்றத்தில் தோற்றது. 2012–13இலிருந்து அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. ஆங்கிலம் பாடமாக இருப்பதை எவரும் மறுக்கவில்லை. நன்கு கற்பிக்கப்பெறும் ஆங்கிலம் எளியோர் பிள்ளைக்கும் வேண்டும். பிற பாடங்களின் அறிவையெல்லாம் ஆங்கிலப் பூட்டுக்குள் வைத்துத் திறவுகோலைச் செல்வர் கையிற் கொடுப்பதே மறுக்கப்பெறுகின்றது.

மொழி பற்றிய இவ்விடத்தில், தமிழ்ப்பற்றாளர் தம்மையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தில் பேசில் பெர்ன்சுடைன் என்பவர், தொழிலாளர் வீட்டுப் பேச்சு சூழலைச் சார்ந்த சுருக்கநடை என்றும், நடுத்தர வகுப்பினர் பேச்சு எதனையும் விரித்துரைக்கும் நடை என்றும், பள்ளி பின்னதையே வேண்டுகின்றது என்றும் விளக்கினார். இதனைச் சிலர், எளியோர் பேச்சே அறிவு குறைந்த பேச்சு என்று திரித்துக்கொண்டனர். அத்திரிபை மறுத்தவர் வில்லியம் லபோவ் என்னும் மொழியியலறிஞர். நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியில் கறுப்பினச் சிறுவன் ஒருவன், உசாவியவர் முன் ஒற்றைச் சொல்லில் விடைகூறி வாய்மூடியிருந்தான். அடுத்த முறை அதே உசாவுநர் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலோடும் சிறுவனின் தோழனோடும் வந்து தரையில் அமர்ந்தபோது, அச்சிறுவன் நிறுத்தாமற் பேசினான். சிறுவனிடம் மொழி இல்லாமல் இல்லை. அவன் வாயை அச்சம் கட்டியிருந்தது. 1969இல் வெளியான கட்டுரையில் லபோவ், அம்மக்களின் பேச்சும் தனக்கென இலக்கண ஒழுங்குடையதே என்று மெய்ப்பித்தார்.

தமிழ் வகுப்பறையிலும் இது நிகழ்கின்றது. கொச்சை பேசுகின்றான் என்று சிற்றூர்ப் பிள்ளையை எள்ளி நகையாடும் தமிழாசிரியர், ஆங்கிலப் பள்ளி செய்யும் அதே தீங்கைத் தமிழின் பெயராற் செய்கின்றார். அப்பிள்ளையின் வாய்ச்சொல்லை உற்றுக் கேட்டால் உண்மை விளங்கும். படித்த நகரத்தான் ‘சாதம்’ என்னும்போது, அப்பிள்ளை ‘சோறு’ என்கின்றது. மடை, மதகு, கலிங்கு, வரப்பு, நாற்றங்கால், கமலை, தும்பு என அதன் வீட்டிலும் வயலிலும் வழங்கும் சொற்களுட் பல, அகரமுதலியிற் பார்த்துத்தான் நகரத்தார்க்குத் தெரியவரும். தனித்தமிழ்ச் சொல்லைக் காத்துத் தந்த வாய்க்கே தமிழ் தெரியாது என்று கூறுவதினும் கொடிய நன்றிகொல்லுதல் உண்டோ? செந்தமிழ் எந்த ஒரு தெருவின் வழிவழி உடைமையும் அன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பள்ளியிற் கற்பிக்கப்பெற வேண்டும். பிள்ளையின் ஊர்ப்பேச்சை அதற்கு அடிப்படையாக்க வேண்டுமேயன்றிப் பகையாக்கலாகாது. தூயதமிழ் எளியவனை அடிக்கும் மற்றொரு பிரம்பாக மாறுமாயின், அது தமிழுக்கு ஆக்கமன்று; இழுக்கு.

பணமும் மொழியும் பிரிப்பது போதாதென்று சாதியும் வகுப்பறைக்குள் வந்து அமர்ந்திருக்கின்றது. 2023 ஆகத்துத் திங்களில் நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் அவர் தங்கையும், உடன்பயின்றோராலேயே வீடுபுகுந்து வெட்டப்பெற்றனர். அதன்பின் அமைந்த நடுவர் சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையிற் கட்டலாகாது என்றும், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்க வேண்டும் என்றும் அது கூறிற்று. பிள்ளைகள் கையில் கயிறு கட்டியது எவர்? அவர்கள் அதைப் பள்ளியிற் கற்கவில்லை. வீட்டிலும் ஊரிலும் கற்றுப் பள்ளிக்குக் கொண்டுவந்தனர். அவிழ்க்க வேண்டிய பள்ளியோ பல இடங்களில் கண்ணை மூடிக்கொண்டது.

ஆகவே, செய்யத்தக்கவை எவை? முதலாவது, அண்மைப் பொதுப்பள்ளி முறை. ஆட்சியாளர், அலுவலர், ஆசிரியர் ஆகியோரின் பிள்ளைகளும் கூலியாளின் பிள்ளையும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்தாலன்றி, அரசுப் பள்ளியின் ஒழுகும் கூரை எவர் கண்ணிலும் படாது. இரண்டாவது, தொடக்கம் முதல் உயர்கல்வி வரை தமிழ்வழி. அதனோடு பிழைப்பும் இணைக்கப்பெற வேண்டும். தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசு வேலையில் 20 விழுக்காடு ஒதுக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நல்ல தொடக்கம். அது முழுமையாகவும் ஏய்ப்பின்றியும் நிறைவேற வேண்டும். மூன்றாவது, பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டியவரை மட்டும் கரையேற்றும் நுழைவுத்தேர்வுகளின் நீக்கம். நான்காவது, மிகச் சிறந்த ஆசிரியர் மிக எளிய பிள்ளைகளிடம் அனுப்பப்பெறுதல். இன்றோ, எட்டாத சிற்றூர்ப் பள்ளிக்கு மாற்றுவதே ஆசிரியர்க்குத் தண்டனையாகக் கருதப்பெறுகின்றது. அத்தண்டனையை உண்மையில் நுகர்பவை பிள்ளைகளே.

இவற்றுட் பல அரசு செய்ய வேண்டியவை. ஆயினும் சட்டத்துக்குக் காத்திராமற் செய்யத்தக்கவையும் உள. கடைசி விசிப்பலகைப் பிள்ளையை முன்னே அழைக்க எந்த ஆணையும் வேண்டுவதில்லை. ஊர்ப்பேச்சை எள்ளாதிருக்க எந்தச் சட்டமும் வேண்டுவதில்லை. அரசுப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குச் சென்று கேள்வி கேட்க எவர் ஒப்புதலும் வேண்டுவதில்லை. எல்லாவற்றினும் மேலாக, மேடையிலே தமிழ்வழிக் கல்வி என்று முழங்கிவிட்டு, தம் பிள்ளையை மட்டும் ஆங்கிலவழிப் பள்ளியின் ஊர்தியில் ஏற்றி அனுப்பும் தமிழ்ப்பற்றாளர் தம் உள்ளத்தைத் தாமே உசாவ வேண்டும். அவர் வெளியேறும்போது அரசுப் பள்ளியிலிருந்து வெளியேறுவது ஒரு பிள்ளை மட்டுமன்று. கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு பெற்றோரும் உடன் வெளியேறுகின்றார். எஞ்சியிருப்போர் கேட்கத் தெரியாதவர், கேட்டாலும் மதிக்கப்பெறாதவர். உடன்பயில்வோரின் குடும்ப நிலையும் பிள்ளையை உருவாக்குகின்றது என்று 1966இற் கண்ட உண்மையின் பொருள் இதுவே.

பிள்ளைகள் கருவிலேயே தரம் பிரிந்து வருவதில்லை. எந்தத் தாயின் வயிறும் மந்தனென்று ஒருவனைக் குறித்து ஈன்றதில்லை. அளவுகோலைக் கோணலாக்கியோர் மாந்தர். அதனை நிமிர்த்த வேண்டியோரும் மாந்தரே. அடுத்த கோடையில் மீண்டும் முடிவுகள் வெளிவரும். படங்கள் மீண்டும் தொங்கும். அப்போது தமிழ் மக்கள் படத்திலிருப்போரை வாழ்த்துக. படத்தில் இல்லாதோர் எங்கே போயினர் என்றும் தவறாது கேட்க!